மணிச் சோதனை

இர்யா கெரானென் யாரைப் பார்த்தாலும் முதலில் பார்ப்பது தலையைத்தான். கூட்டுறவுக் கடையில் வரிசையில் நிற்கும்போதும், தேவாலயத்தில் முன் பெஞ்சுக்காரர்களின் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும், ஐம்பத்தாறரை, ஐம்பத்தெட்டு என்று அவள் மனசுக்குள் சென்டிமீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஹியெதவாராவில் இருபத்திரண்டு வயதுக்குக் கீழே இருந்த எல்லாத் தலைகளையும் அவள் நாடா வைத்து அளந்திருக்கிறாள். பனிச்சறுக்குப் போட்டியில் மாகாணத்திலேயே முதலாவதாக வந்த ஒருவனை ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியபோது, "இவன் ஒண்ணே கால் வயசு வரைக்கும் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தான்" என்று சொன்னவள் அவள். பொறாமையில் சொன்னதில்லை. அவன் குழந்தையாக இருந்தபோது போட்ட சோதனை அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

சுகாதார நிலையத்தின் கோடியில் ஓர் அறை. அதுதான் எங்கள் ஊர் நெவ்வொலா, இர்யாதான் அங்கே சிஸ்டர். வயிற்றில் பிள்ளை தங்கியது தெரிந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை எங்கள் பெண்கள் அங்கே வந்து போவார்கள். ஓர் எடை மேடை, நீளம் அளக்கும் பலகை, ஒரு கூடை மரக்கட்டைகள், சுவரில் ஒரு பெரிய வளர்ச்சிப் படம். அந்தப் படத்தில் கீழிருந்து மேலே வளைந்து போகும் கோடுகள்தான் இர்யாவின் வேதம். எந்த மாதத்தில் கழுத்து நிற்க வேண்டும், எப்போது குப்புற விழ வேண்டும், எப்போது ஒரு கட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில் இருந்தது. குழந்தையைக் கொஞ்ச மாட்டாள், தாயைப் பாராட்டவும் மாட்டாள். எல்லாம் நன்றாக இருந்தால் "கோட்டுல இருக்கு" என்பாள். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு போகத்தான் பெண்கள் நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தார்கள்.

அவளுடைய சொந்த மகன் இல்போ பதினெட்டு மாதத்தில்தான் நடந்தான். அட்டையில் அவள் பதினைந்து என்று எழுதியிருந்தாள். இது தபால் பஸ் ஓட்டும் அவள் கணவனுக்கு மட்டும்தான் தெரியும், அவனும் வாயைத் திறக்கிற ஆளில்லை.

வாயைத் திறக்காத ஆட்களுக்கு எங்கள் பக்கம் பஞ்சமே கிடையாது. பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பவனைத்தான் நாங்கள் சந்தேகமாகப் பார்ப்போம். அப்படிப்பட்ட ஊரிலேயே பேசாதவர்கள் என்று பேர் வாங்கியவர்கள் யுந்துனென் குடும்பத்தார். வெய்க்கோ யுந்துனெனின் அப்பா தன் கல்யாணத்தில் பேசியது ஒரே ஒரு சொல், அதையும் பாதிரியார் இரண்டு தடவை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மரம் வெட்டப் போகும் வெய்க்கோவும் அதே அச்சு. அவனைக் கட்டிக்கொண்டு வந்த சிர்க்காவோ நேர் எதிர். அவள் குடும்பம் போரில் பறிபோன கிழக்குச் சீமையான கரேலியாவிலிருந்து வந்து குடியேறியது. அங்கத்து ஆட்களுக்குப் பேசாவிட்டால் சாப்பிட்டது செரிக்காது. சிர்க்கா வரிசையில் இருந்தால் நெவ்வொலாவில் மற்ற பெண்கள் பத்திரிகையை மடக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இவர்களுக்கு எழுபத்தொன்பதாம் வருஷம் மார்ச் மாதம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. விர்பி என்று பெயர் வைத்தார்கள். பிறந்தபோது மூன்று கிலோ அறுநூறு. இரண்டாம் மாதம் முகம் பார்த்துச் சிரித்தாள், ஐந்தில் குப்புற விழுந்தாள், ஏழில் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தாள். எட்டாம் மாதக் கடைசியில், நவம்பரில், மணிச் சோதனைக்கு வந்தாள்.

மணிச் சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குழந்தை தாயின் மடியில் உட்கார்ந்திருக்கும். சிஸ்டர் எதிரே உட்கார்ந்து ஒரு சிவப்புக் குச்சியைக் காட்டி அதன் கண்ணைப் பிடித்து வைப்பாள். அந்த நேரத்தில் விரலில் மாட்டிய சின்ன மணிகளோடு அவளுடைய இன்னொரு கை மெதுவாகப் போய், குழந்தையின் காதுக்குப் பின்னால், அதன் கண் எட்டாத இடத்தில் லேசாகக் கிணுகிணுக்கும். காது கேட்டால் தலை திரும்பும். அப்புறம் மறு காது. விர்பி இரண்டு பக்கமும் சட்டென்று திரும்பினாள். அந்தக் குளிர்காலத்தில் அவ்வளவு துடியாகத் திரும்பிய குழந்தை வேறு இல்லை. "இரு பக்கமும் உடனே திரும்புகிறது" என்று இர்யா எழுதி, கோட்டில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினாள்.

இரண்டு வயதில் விர்பி படி ஏறினாள், கரண்டியால் தானே கஞ்சி குடித்தாள், ஆறு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பேசவில்லை. அம்மா என்றுகூடச் சொல்வதில்லை என்று சிர்க்கா அன்றைக்குச் சொன்னாள், இரண்டு மூன்று தடவை சொன்னாள். அறையில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"நீ வாயை மூடினாத்தானேம்மா அவ திறக்க முடியும்?" என்றாள் இர்யா. "யுந்துனென் வீட்டுப் பொண்ணு. அஞ்சு வயசுல ஒரு வார்த்தை சொல்லுவா. அதுவும் அளந்து சொல்லுவா."

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். சிர்க்காவும் சிரித்தாள். அட்டையில் இர்யா எழுதினாள்: "பேச்சு தாமதம். குடும்ப வழக்கம்."

அப்படி எழுதியதில் அவளுக்குத் துளி உறுத்தலும் இல்லை. எங்கள் ஊரில் யார் எழுதியிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பார்கள். சத்தம் போடாத பிள்ளை நல்ல பிள்ளை, வாயாடித் தாய் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வாள். இந்த இரண்டும் சுவர்ப் படத்தில் இல்லாத, ஆனால் நாங்கள் எல்லாரும் நம்பிய அளவுகள்.

எண்பத்திரண்டாம் வருஷம் மார்ச் மாதம் மூன்று வயதுச் சோதனை. தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர், பதினாலே கால் கிலோ. வட்டம் வரையச் சொன்னால் வட்டம், பாலம் கட்டிக் காட்டினால் பாலம். கடைசியில் படங்கள். குதிரை, பூனை, படகு, தொப்பி என்று நான்கு படங்களை மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், குழந்தை விரலால் காட்ட வேண்டும். குதிரை எங்கே என்று கேட்டதும் விர்பி குதிரையைக் காட்டினாள். படகையும் காட்டினாள்.

இர்யாவுக்கு அது அன்றைக்கு ஐந்தாவது கப் காபி. கோப்பையை வாயில் வைத்து, அடிவரை சாய்த்துக்கொண்டே, "தொப்பி எங்க?" என்றாள். விர்பி காட்டவில்லை. கோப்பை இறங்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கோப்பை இறங்கியது, இர்யாவின் கண் மேஜைக்கு வந்தது, உடனே தொப்பியின் மேல் விரல் வந்து நின்றது.

இர்யா கோப்பையை மேஜைக்கோடிக்குத் தள்ளி வைத்தாள். பிறகு கண்ணைக் குதிரையின் மேல் வைத்துக்கொண்டு, "பூனை எங்க?" என்று கேட்டாள்.

விர்பி சந்தோஷமாகக் குதிரையைக் காட்டினாள்.

தூக்க நேரம், அதனால் தப்பாகக் காட்டுகிறாள் என்றாள் சிர்க்கா. இர்யா படங்களைக் கலைத்துப் போட்டு மறுபடி கேட்டாள். கண் எங்கே போனதோ விரலும் அங்கே போனது. நாலு தடவையும் அப்படியே. சிர்க்கா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தாள். கதவை அறைந்து சாத்தினால் விர்பி திரும்புகிறாளே, அப்பாவின் பனிவண்டி முற்றத்துக்குள் வந்தால் வாசலுக்கு ஓடுகிறாளே, ஏரியில் உறைந்த பனி வெடித்தால் மடியில் வந்து முகத்தை ஒளித்துக்கொள்கிறாளே, கேட்காமலா இதெல்லாம் செய்கிறாள் என்று கேட்டாள். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து பார்ப்பதாக மட்டும் இர்யா சொன்னாள். பேச்சு நின்றுபோய், சிர்க்கா குழந்தைக்குத் தொப்பியை மாட்டிவிட்டு வெளியே போனாள்.

இர்யா அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. பழைய அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரு பக்கமும் உடனே திரும்புகிறது. அவள் கையெழுத்து, நவம்பர் இருபத்தேழு, மாலை மூன்றரை மணி. பார்த்தது பார்த்ததுதான், குழந்தை திரும்பியது உண்மைதான். காது கேட்காத குழந்தை எப்படித் திரும்பும் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. தாய் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எதிரே சிஸ்டரின் நாற்காலி, அதற்குப் பின்னால் பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பஸ் நிறுத்தம். சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

ஆறரை மணிக்கு வெளியே இருட்டியது. விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னலில் பஸ் நிறுத்தம் இல்லை. கண்ணாடியில் அறை முழுவதும் தெரிந்தது. அவள் முகம், தோள், காதுக்குப் பின்னால் அவள் தூக்கிப் பிடித்த சொந்தக் கை, விரலில் மணிகள். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எங்கள் ஊரில் நவம்பர் கடைசியில் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பது இர்யாவுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அந்த இருட்டில் ஜன்னல் என்ன ஆகும் என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் அவள் யோசித்ததில்லை. விர்பிக்கு மணி கேட்கவில்லை. பின்னால் ஒரு கை வருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, யாருடைய கை என்று திரும்பிப் பார்த்திருக்கிறாள். இர்யாவுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது, ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு மேல் போய்விட்டது, பேச்சு வரவேண்டிய வயதில் பாதியை அவள்தான் தின்றிருந்தாள்.

வியாழக்கிழமை புதுப்பனி விழுந்திருந்தது. வெய்க்கோ வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். வீட்டுக்குள் வேண்டாம், பலகைத் தரையில் நாம் நடந்தாலே அவள் காலுக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லி இர்யா எல்லாரையும் முற்றத்துக்கு அழைத்து வந்தாள். விர்பி ஒரு வாளியில் பனியை அள்ளி நிரப்பிக்கொண்டிருந்தாள். இர்யா கம்பளி பூட்ஸோடு அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். முதலில் மணி. பிறகு கைதட்டல். பிறகு இரண்டு பாத்திர மூடிகள். விர்பி வாளியைக் கவிழ்த்தாள், மறுபடி அள்ளினாள். நீயே கூப்பிடு என்று இர்யா சிர்க்காவிடம் சொன்னாள். சிர்க்கா தன் குரல் முழுவதையும் எடுத்துக் கூப்பிட்டாள். ஏரிக்கரை வீட்டு நாய் குரைத்தது. விர்பி வாளியின் விளிம்பில் இருந்த பனியைக் கையுறையால் ஒழுங்காகத் தட்டிவிட்டாள். சிர்க்கா இன்னொரு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட அவளால் முடியவில்லை.

சமையலறை மேஜையில் உட்கார்ந்ததும் இர்யா எதையும் சுற்றி வளைக்கவில்லை. ஜன்னலைப் பற்றிச் சொன்னாள். தப்பு என்னுடையது, குழந்தையுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை என்றாள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே எழுதிவிட்டதாகவும், அதில் தன் தப்பையும் எழுதியிருப்பதாகவும் சொன்னாள்.

"ரெண்டு வயசுல உங்ககிட்ட வந்து சொன்னேன்" என்றாள் சிர்க்கா. "நாலு பேர் முன்னால என் வாயை மூடச் சொன்னீங்க."

"ஆமா. சொன்னேன்."

"நானும் சிரிச்சேன்."

வெய்க்கோ மேஜையின் மறுகோடியில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பேசப்போகிறான் என்று இருவரில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப நான் பேசினது?" என்றான்.

இர்யாவுக்குப் புரியவில்லை. சிர்க்காதான் சொன்னாள். விறகுக் கொட்டகையில் ரம்பத்துக்குக் கூர் போடும்போது இவர் பிள்ளையைப் பக்கத்தில் ஒரு கட்டையில் உட்கார வைத்துக்கொள்வார், மணிக்கணக்காகப் பேசுவார். காட்டில் பார்த்தது, வேலையிடத்தில் நடந்தது, செத்துப்போன தன் அம்மாவைப் பற்றி, எல்லாம் பேசுவார். "எங்கிட்ட வாயைத் திறக்க மாட்டார். நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டுத்தான் இந்த மனுஷன் மனசுல என்ன இருக்குன்னே தெரிஞ்சுக்குவேன், சிஸ்டர்."

"கண்ணை எடுக்காமக் கேப்பா" என்றான் வெய்க்கோ. "நான் சொல்றதை முழுசாக் கேக்கறவ இந்த ஊர்லயே அவ ஒருத்திதான்னு நெனச்சேன்." எழுந்து வெளியே போனான். விறகு பிளக்கும் சத்தம் வரும் என்று இர்யா எதிர்பார்த்தாள். ஒரு சத்தமும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மே மாதம் உறுதி செய்தார்கள். இரண்டு காதுக்கும் கருவி கொடுத்தார்கள். அதைப் போட்டால் பெரிய சத்தங்கள் மட்டும் ஏதோ எட்டும், பேச்சு எட்டாது. சைகை மொழிதான் வழி என்றார்கள். நகரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு டீச்சர் வந்து மூவருக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடாயிற்று.

இர்யா அந்த ஜன்னலுக்கு அடர்த்தியான திரை போட்டாள். கடந்த குளிர்காலங்களில் இருட்டிய பிறகு சோதனை செய்த முப்பத்தெட்டுக் குழந்தைகளையும் திரும்ப வரச் சொல்லி எழுதினாள், காரணத்தையும் மறைக்காமல் எழுதினாள். சுகாதார நிலையத்தின் பெரிய டாக்டர் அது தேவையா என்று கேட்டார். தேவை என்றாள். எல்லாக் குழந்தைகளுக்கும் காது கேட்டது; ஒருவனுக்கு மட்டும் காதில் பட்டாணி இருந்தது. இரண்டு குடும்பங்கள் அடுத்த ஊர் நெவ்வொலாவுக்கு மாறிக்கொண்டன. கடையில் அவள் வந்தால் பேச்சு நின்றது, எங்கள் ஊரில் ஏற்கெனவே இல்லாத பேச்சு நிற்பது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், தெரியும். அவள் தலை நிமிர்ந்துதான் நடந்தாள். ஆனால் மற்றவர்களின் தலையை அளப்பதை விட்டுவிட்டாள்.

அக்டோபரில் விர்பியின் மூன்றரை வயதுச் சோதனை வந்தது. சிர்க்கா நெவ்வொலாவுக்கு வர மறுத்தாள். இர்யா எடை மேடையைக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு தானே போனாள். சிர்க்கா காபி வைத்தாள், அதோடு தின்ன எதுவும் வைக்கவில்லை. ரொட்டி இல்லை, பிஸ்கட்கூட இல்லை. எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவர்களுக்கு வெறும் காபி வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பது இர்யாவுக்குத் தெரியும். குடித்து முடித்து, நன்றி சொன்னாள். குழந்தை அப்பாவோடு கொட்டகையில் இருக்கிறாள் என்று சிர்க்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கொட்டகைக் கதவு திறந்தே இருந்தது. வெய்க்கோ ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு மரக்கட்டையில் குனிந்து உட்கார்ந்திருந்தான். எதிரே விர்பி. அவன் கைகள் அசைந்துகொண்டிருந்தன. இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது, எப்போதோ காட்டில் போனது. அதனால் சில சைகைகள் சரியாக வராமல் பாதியில் மறுபடி தொடங்கினான். ஒரு சைகை தப்பாகப் போனபோது விர்பி அவன் கட்டைவிரலைப் பிடித்து இருக்கவேண்டிய இடத்தில் வைத்தாள், மேலே சொல் என்பதுபோல முகத்தை நிமிர்த்தினாள்.

இர்யாவின் நிழல் உள்ளே விழுந்ததும் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அளவு நாடாவைக் காட்டினாள்.

"கொஞ்சம் இருங்க, சிஸ்டர்" என்றான் வெய்க்கோ. "பேசிட்டிருக்கேன்."

அவள் விறகு அடுக்கின்மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். அந்தக் கைகள் என்ன சொல்கின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை; அந்தக் கொட்டகையில் பேச்சு புரியாமல் இருந்தவள் இப்போது அவள் ஒருத்திதான். கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ரொம்ப நீளமான கதையா என்று கடைசியில் கேட்டாள்.

"எல்லாம் முன்னாடியே சொன்னதுதான்" என்றான் வெய்க்கோ, கண்ணை மகளிடமிருந்து எடுக்காமல். "முதல்லேருந்து சொல்றேன். இன்னும் அவ பொறந்த நாளையே தாண்டலை."